மூளைக்கு ரேடியேஷன் முடிஞ்சு வருஷக்கணக்கானாலும் எதையெல்லாம் கவனிக்கணும்

ரேடியேஷன் முடிஞ்சிடுச்சு, ஸ்கேனும் நல்லா இருக்கு, இனி கவலையில்லன்னு ஃபாலோ-அப்ப விட்டுடாதீங்க ப்ளீஸ். மூளையில பக்கவிளைவு ஆறு மாசம் கழிச்சும் வரும், பல வருஷம் கழிச்சும் வரும். முதல்ல ரேடியேஷன் சம்மரிய கேட்டு வாங்கி வைங்க, மொத்தம் எத்தனை கிரே (கதிரோட அளவு), எத்தனை நாளா பிரிச்சு குடுத்தாங்க, எந்த இடத்துலன்னு அதுல இருக்கணும்.

ட்ரீட்மென்ட் குடுத்த இடத்துலயே புதுசா ஏதோ தெரியுதுன்னு ரிப்போர்ட் வந்தா கட்டி திரும்பிடுச்சுன்னு உடனே இடிஞ்சு போயிடாதீங்க. ரேடியேஷன் நெக்ரோசிஸா இருக்கலாம், அதாவது கதிர் பட்டு ரத்தக்குழாய் கெட்டுப்போய் அங்க இருக்கற திசு செத்துப்போறது, சாதாரண எம்ஆர்ஐல ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம். பெர்ஃப்யூஷன் எம்ஆர்ஐ (ரத்த ஓட்டத்த பாக்கறது), ஸ்பெக்ட்ரோஸ்கோபி (திசுல இருக்கற ரசாயனங்கள பாக்கறது), பெட் ஸ்கேன் (செல்லுங்க எவ்வளவு சுறுசுறுப்பா இருக்குன்னு பாக்கறது) இதுல எது உதவும்னு டாக்டர்கிட்ட கேளுங்க, சில பேருக்கு பயாப்சி (திசுவ கொஞ்சம் எடுத்து சோதிக்கறது) வரைக்கும் போகும். நெக்ரோசிஸ்னா வீக்கம் வத்த டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு மருந்து, அதுல அடங்கலன்னா பெவாசிசுமாப்ங்கற ஊசி மருந்து இல்ல ஆபரேஷன். டெக்ஸாமெத்தசோன நீங்களா திடீர்னு நிறுத்தவே கூடாது.

எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்கறது ஹார்மோன் விஷயத்துல தான். மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரிங்கற ஹார்மோன் சுரப்பி மேல கதிர் பட்டிருந்தா சுரப்பு கொஞ்சம் கொஞ்சமா குறையும், ஆளு எப்பவும் அசதியா படுத்தே இருப்பாங்க, வீட்ல சோம்பேறித்தனம்னு திட்டு விழும், பாவம். காலைல கார்டிசால் (அட்ரினல் சுரப்பியோட ஹார்மோன்) பாருங்க, டிஎஸ்ஹெச் (தைராய்ட தூண்டற ஹார்மோன்) கூடவே ஃப்ரீ டி4-ம் (தைராய்டு சுரக்கற ஹார்மோன்) கண்டிப்பா பாக்க சொல்லுங்க, ஏன்னா டிஎஸ்ஹெச்ச சுரக்கறதே பிட்யூட்டரி தான், அதுவே அடிபட்டிருக்கும்போது டிஎஸ்ஹெச் நார்மல்னே வரலாம், ஆனா டி4 கம்மியா இருக்கும். கார்டிசாலும் கம்மின்னா அத சரி பண்ணிட்டு தான் தைராய்டு மாத்திரை ஆரம்பிக்கணும். குழந்தைங்கன்னா உயரத்த விடாம அளந்து எழுதி வைங்க, பெரும்பாலும் முதல்ல குறையறது வளர்ச்சி ஹார்மோன்.

திடீர்னு வாய் கோணுது, பேச்சு குழறுது, ஃபிட்ஸ் வருதுன்னா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம எமர்ஜென்சிக்கு போங்க, போனதுமே ரேடியேஷன் எடுத்தவங்கன்னு சொல்லிடுங்க. ரத்தக்குழாய் ஏற்கனவே பலவீனமா இருக்கறதால பிபி, சுகர் கட்டுப்பாட்டுல இருக்கணும், சிகரெட் கூடவே கூடாது.

ஞாபக மறதி மெதுவா வரும், கூட இருக்கறவங்களுக்கு தான் முதல்ல தெரியும். அடுப்ப அணைக்க மறந்தது, ஒரே கேள்விய திரும்ப திரும்ப கேட்டது, தெரிஞ்ச கணக்குல தடுமாறினதுன்னு தேதி போட்டு எழுதி காட்டுங்க, சும்மா மறதின்னு சொன்னா டாக்டரும் வயசாச்சுன்னு விட்டுடலாம். நியூரோசைக்காலஜி டெஸ்ட் எடுத்தா எந்த திறமை குறைஞ்சிருக்குன்னு தெரியும், பயிற்சியும் அதுக்கேத்த மாதிரி குடுப்பாங்க.