பதினொன்றாம் வகுப்பில் போரும் போதையும்: பாடம் எடுக்கும் முறை

சேலத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். போரும் போதையும் என்றாலே சக ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். வலி மாத்திரையைப் போதைக்காக விழுங்கும் பையன்களைப் பற்றி அடிக்கடி செய்தி வரும்போது, இதை வகுப்பில் பேசியே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

காபியில் தொடங்குங்கள். சாராயம், அபின் என்று ஆரம்பித்தால் கடைசி பெஞ்சில் சிரிப்பு கிளம்பிவிடும். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டுக்குக் காபி வந்ததைச் சொல்லிவிட்டு, 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போங்கள். வடக்குப் படைக்கு ரேஷனிலேயே காபி உண்டு. தெற்கின் துறைமுகங்களை வடக்குக் கப்பல்கள் அடைத்திருந்ததால், அங்குள்ள சிப்பாய்கள் சிக்கரியையும் வறுத்த தானியத்தையும் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். காபித்தூள் கடையில் "சிக்கரி எவ்வளவு போடட்டுங்க?" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அந்த நேரம் பார்த்துக் கரும்பலகையில் எழுதுங்கள்: "யார் கொடுத்தது?" பாடம் முடியும்வரை அது அழியக் கூடாது. யார் குடித்தார் என்று கேட்டால் பேச்சு ஒழுக்கத்தில் போய் நின்றுவிடும்.

அடுத்து நம் பக்கம். ஆநிரை கவர்ந்து வந்த மறவர் கள்ளுண்டு களிப்பதை 'உண்டாட்டு' என்று வெட்சித் திணையில் வைக்கிறது தொல்காப்பியம். தகடூர் அதியமானை மறக்காதீர்கள். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி; 1965 வரை நம் சேலம் மாவட்டம்தான். அவன் இறந்தபின் நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் படைக்கிறார்கள். மலையோங்கிய நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானோ என்று கேட்கிறார் ஔவையார். புறநானூறு 232. நிதானமாக வாசித்துக் காட்டுங்கள், விளக்கம் அப்புறம்.

பிறகு 1940. ஜெர்மனியின் பெர்விடின் மாத்திரை, அதாவது மெத்தாம்பெட்டமைன். பிரான்ஸ் மீது படையெடுத்த சில மாதங்களில் மட்டும் ராணுவத்துக்கும் விமானப் படைக்கும் மூன்றரைக் கோடி மாத்திரை போனது. தூங்காமல் முன்னேற வேண்டும், அதுதான் கணக்கு. பிரிட்டனும் அமெரிக்காவும் தங்கள் சிப்பாய்களுக்கு அதே வகை ஊக்க மருந்தான பென்சிடிரின் கொடுத்தன. இதைத் தவறாமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வில்லன்கள் மட்டும் செய்த வேலை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். எத்தனை மாத்திரை போட்டால் எத்தனை மணி நேரம் என்ற விவரத்துக்குள் மட்டும் போக வேண்டாம்.

வியட்நாமை நான் விடுவதில்லை. அங்கே ஹெராயின் பழகிய அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியதும் அதை விட்டுவிட்டதாக 1970களில் அமெரிக்க ஆய்வாளர் லீ ராபின்ஸ் நடத்திய ஆய்வு காட்டியது. போதைப் பழக்கத்திலிருந்து மீளவே முடியாது என்று நம்பும் பையனுக்கு இந்தச் செய்தி தேவை.

வீட்டுப்பாடம்: தெருவில் உள்ள முன்னாள் ராணுவத்தினர் ஒருவரிடம் பேசி வருவது. "நீங்க குடிப்பீங்களா?" என்று எவரும் கேட்கக் கூடாது. "பனி மலையில இருந்தப்ப ரேஷன்ல என்னங்கய்யா குடுத்தாங்க?" என்று தொடங்கினால் ரம், டீ, சாக்லேட் என்று தானாகப் பேச்சு வரும். அவர் பேச்சை மாற்றினால் அத்தோடு விட்டுவிட வேண்டும். நோட்டில் பெயர் எழுத வேண்டாம். ஆண்டும் இடமும் போதும்.

வகுப்பு முடிந்து யாராவது தனியாக வந்து நின்றால், அன்றைக்கு மற்ற வேலையைத் தள்ளி வையுங்கள். திட்டாமல் கேளுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446; கட்டணம் இல்லை. அவன் கூடவே இருந்து பேச வையுங்கள்.