வரமிளகாய் வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள்

பெருந்துறைப் பக்கம் மிளகாய், மல்லி அரைக்கிற மில் வைத்திருக்கிறேன். "ஏனுங்ண்ணா, இத்தனை செவப்பா இருக்குதே, ரொம்பக் காரமுங்களா?" என்று தினம் ஒருவராவது கேட்பார். சிவப்புக்கும் காரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

பேடகி மிளகாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோல் முழுக்கச் சுருக்கம், நல்ல அடர்சிவப்பு. ஆனால் காரம் குறைவு. காஷ்மீரி மிளகாய் இன்னும் சாது: காரத்தை அளக்கிற கணக்கில் 1,000, 2,000 ஸ்கோவில்தான். குண்டூர் சன்னம் 35,000 முதல் 40,000 வரை போகும். ஸ்கோவில் என்பது ஒரு அமெரிக்க மருந்தாளுநரின் பெயர். 1912இல் மிளகாய்ச் சாற்றில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போய், நாக்குக்குக் காரம் தெரியாமல் போக எத்தனை மடங்கு ஊற்ற வேண்டும் என்று கணக்குப் பார்த்தவர். அசாம் பக்கத்துப் பூத் ஜொலோக்கியா பத்து லட்சத்தைத் தாண்டும். அதை என் மில்லில் போட மாட்டேன். அடுத்து மல்லி அரைக்க வருகிறவர் சண்டைக்கு வருவார்.

வீட்டுத் தூளுக்கு என் கணக்கு: முக்கால் கிலோ பேடகி, கால் கிலோ சன்னம். நிறம் பேடகி தரும், உறைப்பைச் சன்னம் பார்த்துக்கொள்ளும். புது மூட்டை என்றால் முதலில் கால் கிலோ அரைத்து ஒரு குழம்பு வைத்துப் பாருங்கள். ஒரே ரகத்திலேயே காட்டுக்குக் காடு காரம் மாறும்.

சரி, விதைக்கு வருவோம். காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கிற வெளிர்நிறத் தண்டில் இருக்கிறது. பள்ளிபாளையம் சிக்கனுக்கு வரமிளகாயை ஒரு கை நிறையப் போட்டும் பிள்ளைகள் சாப்பிடுவது அந்தத் தண்டை எடுத்துவிடுவதால்தான். காம்பைக் கிள்ளி, இரண்டாகக் கிழித்து, முறத்தில் தட்டுங்கள். விதை கொட்டிவிடும். ஒட்டியிருக்கும் தண்டையும் நகத்தால் சுரண்டி எடுங்கள். அப்புறம் சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லோடு எண்ணெயில் வதக்கினால் மணம் தூக்கும், தொண்டை எரியாது.

கிள்ளி முடித்ததும் கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்புப் போடுங்கள். வெறும் தண்ணீரில் காரம் கரையாது. நான் ஒருமுறை கையை வெறுமனே அலசிவிட்டுக் கண்ணைத் தேய்த்தேன். அன்றைக்கு மத்தியானம் மில்லை வீட்டம்மாதான் ஓட்டினாள்.