‘சிஎஸ்இ எடு தம்பி’ என்று சொல்வதற்கு முன்னால்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் எதை எடுப்பது என்று கேட்டு, காலேஜில் படிக்கும் நமக்கு போன் ஓயாது. “அக்கா, 174 கட்-ஆஃப். இசிஇ எடுக்கவா, ஏஐ-டிஎஸ் எடுக்கவா?” (இசிஇ என்றால் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன், ஏஐ-டிஎஸ் என்றால் செயற்கை நுண்ணறிவும் டேட்டா சயின்ஸும், சிஎஸ்இ என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ்.) நான் அரசுப் பள்ளியில் படித்து இப்போது இசிஇ மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு யாரைக் கேட்பது என்று தெரியாது. உங்கள் ஊரில் அந்த ஆள் நீங்கள் என்றால், இதைப் படித்துவிட்டு போனை எடுங்கள்.

முதலில் கட்-ஆஃபை, அதாவது கவுன்சிலிங்குக்காக 200-க்குக் கணக்கிடும் மார்க்கை, நீங்களே போட்டுப் பாருங்கள். கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. 88, 82, 90 என்றால் 88 + 41 + 45 = 174. போன வருடம் ஒரு கல்லூரியில் கடைசியாக இடம் கிடைத்த கட்-ஆஃபை மட்டும் வைத்துக் கல்லூரி தேடாதீர்கள். வினாத்தாள் சுலபமாக வந்த வருடம் எல்லோருக்கும் மார்க் ஏறியிருக்கும். ரேங்க் வந்த பிறகு அதை வைத்துத் தேடுவதே சரி. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவரா என்று மறக்காமல் கேளுங்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ரேங்க் தனி, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ‘அந்தக் காலேஜ் நமக்குக் கட்டுப்படியாகாது’ என்ற பேச்சு பாதி அங்கேயே அடங்கிவிடும்.

அடுத்து, “ஏஐ-டிஎஸ் என்று உனக்கு யார் சொன்னது?” என்று கேளுங்கள். டியூஷன் சாரா, அப்பாவா, கூடப் படித்தவனா? யாராக இருந்தாலும் பரவாயில்லை. அதைத் தெரிந்துகொண்டால்தான் பேச்சு எங்கே தொடங்க வேண்டும் என்பது பிடிபடும்.

அப்புறம் சிலபஸைத் திறந்து உட்காருங்கள். உண்மையான வேலை இதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் சிலபஸ் பிடிஎஃப் இணையத்தில் கிடைக்கிறது. அது அவர்கள் சேரும் வருடத்துக்கான ரெகுலேஷன், அதாவது பாடத்திட்டப் பதிப்பு, தானா என்று பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதன் சிலபஸ் வேறு. முதல் வருடத்தைத் தள்ளிவிட்டு மூன்றாம் செமஸ்டருக்குப் போங்கள். நான் படித்த 2021 ரெகுலேஷனில் இசிஇ-க்கு அங்கே சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் இருக்கும். கூடவே சி புரோகிராமிங்கும் டேட்டா ஸ்ட்ரக்சரும் உண்டு. ‘இசிஇ எடுத்தால் கோடிங்கே கிடையாது’ என்று நினைத்திருந்தவர் அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார். சிஎஸ்இ, ஏஐ-டிஎஸ் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ் இரண்டிலும் இருக்கும். பெயர் வேறாக இருக்கும் அளவுக்குப் பாடம் வேறாக இல்லை என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம், அவர்களே விரல் வைத்துக் காட்டுவார்கள்.

பிளஸ் டூ கணிதத்தில் எந்தப் பாடம் பிடித்தது என்றும் கேளுங்கள். கலப்பு எண்களைப் பார்த்தாலே ஓடுகிறவருக்கு சிக்னல்ஸ் பாடம் கொஞ்சம் கஷ்டம்தான். எனக்கு அந்தப் பாடம் பிடிக்கும், அது வேறு விஷயம்.

உங்களுக்குத் தெரிந்தது உங்கள் டிபார்ட்மென்ட், உங்கள் கல்லூரி, அவ்வளவுதான். சிவில் பற்றிக் கேட்டால் சிவிலில் படிக்கும் தோழியின் நம்பரை அவளிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பிளேஸ்மென்ட் பற்றிக் கேட்டால் கல்லூரி வாசலில் தொங்கும் பேனரைப் படித்துச் சொல்லாதீர்கள். உங்கள் வகுப்பு சீனியர்களில் எத்தனை பேருக்கு எந்த மாதிரி வேலை கிடைத்தது என்று சொன்னால் போதும்.

அப்பா போனை வாங்கிப் பேசுவார். “சித்தப்பா, நீங்க சொல்றதும் சரிதான், அந்த சிலபஸை அவனையே ஒருதடவை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லுங்கள். அவரிடம் வாதாடி ஜெயிப்பது நம் வேலையில்லை.

சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது வேண்டிய கல்லூரியையும் பிரிவையும் இணையத்தில் வரிசையாகக் கொடுப்பதில், ஒரே விதி: அதிகம் விரும்புவது மேலே. ‘கிடைக்காது’ என்று பயந்து, பிடிக்காத கல்லூரியை முதலில் போட்டு, அது காலியாக இருந்தால் அதுதான் கிடைக்கும். பட்டியலை முதலில் தாளில் எழுதச் சொல்லுங்கள், பிறகு டைப் செய்யட்டும். பாஸ்வேர்டை நீங்களும் வாங்காதீர்கள், பிரவுசிங் சென்டரிலும் கொடுக்க விடாதீர்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் மறுபடி போன் வரும். கிடைத்தது பரவாயில்லை, பட்டியலில் மேலே இருப்பதற்கும் காத்திருக்க வேண்டும் என்றால் ‘அக்செப்ட் அண்ட் அப்வர்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய சீட் போய்விடும் என்பதை அப்பாவுக்கும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். உறுதிசெய்யக் கொஞ்ச நாள்தான் தருவார்கள், அதனால் கடைசித் தேதிக்கு முந்தின நாள் மாலை நீங்களே ஒரு போன் போட்டு, “கன்ஃபர்ம் பண்ணிட்டியா?” என்று கேளுங்கள்.