ஈபேயில் முத்திரையும் நாணயமும்: வாங்கும்போதும் விற்கும்போதும் வரிக் கணக்குப் பார்ப்பது எப்படி?

ஈபேயில் 80 டொலர் என்று போட்டிருந்த பழைய சிலோன் முத்திரைத் தொகுப்பு, காசு கட்டும் பக்கத்தில் 91 டொலர் 16 சதமாக வந்து நிற்கும். விற்கிறவர் விலையைக் கூட்டவில்லை. பொதி போய்ச் சேரும் முகவரியாக நியூ ஜேர்சியில் இருக்கும் மாமா வீட்டைக் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். தபால் செலவு 5.50 டொலர். ஆக 85.50 டொலருக்கு அந்த மாநிலத்தின் விற்பனை வரி 6.625 சதவீதம், அது 5.66 டொலர்.

கணக்குத் திறப்பது, ஏலம் கேட்பது, படம் எடுத்துப் போடுவது எல்லாம் தெரிந்தவர்களுக்கே இந்தப் பதிவு. வரியை மட்டும் பார்ப்போம்.

படி 1: பொருளைப் பார்க்க முன்னம் முகவரியைத் தீர்மானியுங்கள்

விற்பவர் எங்கே இருக்கிறார், காசு யாருடைய அட்டையில் போகிறது என்பதை வைத்து இந்த வரி விழுவதில்லை. பொதி எந்த வாசலில் இறங்குகிறதோ, அந்த இடத்து வரிதான். 2018 ஜூன் 21 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சவுத் டகோட்டா மாநிலத்துக்கும் வேஃபெயர் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு, தங்கள் மண்ணில் கடையே இல்லாத விற்பனையாளரிடமும் வரி அறவிட மாநிலங்களுக்கு வழி திறந்தது. அடுத்து, அறவிடும் பொறுப்பை ஈபே, எட்சி போன்ற சந்தைத் தளங்களின் தலையிலேயே சட்டங்கள் கட்டிவிட்டன. அதனால் ஒரேயொரு முத்திரை விற்கும் ஓய்வூதியரிடம் வாங்கினாலும் வரி ஏறும். விற்பவரோடு பேரம் பேசி அதைக் குறைக்க முடியாது. அந்தக் காசு அவர் கைக்குப் போவதே இல்லை.

யாழ்ப்பாணத்து ஆட்கள் வழக்கமாகக் கொடுக்கும் முகவரிகளும் அங்குள்ள விகிதங்களும்: நியூயோர்க் நகரம் 8.875 சதவீதம், ரொறன்ரோ 13, லண்டன் 20, நோர்வே 25, சுவிஸ் 8.1. ஒரிகன், டெலவெயர், மொன்டானா, நியூ ஹாம்ஷயர் ஆகிய நான்கு மாநிலங்களில் விற்பனை வரியே கிடையாது. பொதி மாற்றி அனுப்பும் நிறுவனங்கள் பல டெலவெயரிலும் ஒரிகனிலும் களஞ்சியம் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் இதுதான்.

அமெரிக்காவிலிருந்து நேரே யாழ்ப்பாணத்துக்கு வரும் பொதிக்கு அங்கத்தைய விற்பனை வரி இல்லை. காசு கட்டும் பக்கத்தில் இலங்கை முகவரியைத் தெரிவு செய்தவுடன் விற்பனை வரி காணாமல் போகவேண்டும். போகாவிட்டால் காசைக் கட்டாதீர்கள். பெரும்பாலும் பழைய முகவரி ஒன்று இயல்பாகவே தெரிவாகி நிற்கும்.

ஒற்றை முத்திரைக்கோ ஒரு தபால் உறைக்கோ நேரடிப் பதிவுத் தபாலுக்கு மிஞ்சியது இல்லை என்பது என் கருத்து. ஐந்தாறு பொதிகளை ஒன்றாகக் கட்டி எடுப்பதென்றால் மட்டும் டெலவெயர் வழி கட்டுப்படியாகும். மாமா வீட்டுக்கு எடுத்து ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வது பாசம். ஆனால் அந்த 5.66 டொலர் திரும்பி வராது.

படி 2: இங்கே வந்திறங்கியதும் என்ன விழும்?

அநேகர் பிழைவிடும் இடம் இது. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 சதவீதம் என்று எல்லோருக்கும் தெரியும். 20,000 ரூபா சாமானுக்கு 3,600 ரூபா என்று எண்ணிக்கொண்டு தபாற்கந்தோருக்குப் போவார்கள். கணக்கு அப்படி ஓடாது.

சுங்கம் முதலில் பொருளின் விலை, காப்புறுதி, தபால் செலவு மூன்றையும் கூட்டும். அதன் மேல் 10 சதவீதம் சேர்க்கும். பிறகு அந்தப் பொருளுக்குரிய சுங்கத் தீர்வை, செஸ் (இறக்குமதி மேல்வரி), துறைமுக விமான நிலைய வரி என்பவற்றையும் கூட்டி, அந்த முழுத்தொகையின் மேல்தான் வற் வரியைப் போடும். சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 சதவீதமும் அதே தொகையின் மேல்தான்.

தீர்வை, செஸ், துறைமுக வரி எதுவும் இல்லாத ஒரு பொருள் என்றே வைப்போம். தபாலும் காப்புறுதியும் சேர்த்து 20,000 ரூபா. 10 சதவீதம் ஏற்றினால் 22,000. வற் 3,960, மற்றது 550. மொத்தம் 4,510 ரூபா. எண்ணிப் போனதைவிட 910 ரூபா கூட. தீர்வை உள்ள பொருளென்றால் வித்தியாசம் இன்னும் பெரிது. வாங்க முன்னமே இலங்கைச் சுங்கத்தின் தீர்வை வழிகாட்டியில் பொருளின் குறியீட்டை (சுங்கம் ஒவ்வொரு பொருள்வகைக்கும் வைத்திருக்கும் எண்) தேடிப் பாருங்கள்.

குறியீடுகளில் நான்கைப் பாடமாக்கினால் போதும். சேகரிப்பு முத்திரைகளும் முதல்நாள் உறைகளும் 9704. நாணயவியல் மதிப்புள்ள சேகரிப்புகள் 9705. 100 வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் 9705.31, மற்றவை 9705.39. சாதாரண நாணயம் 7118. முத்திரை ஆல்பம் இந்த வகையில் சேராது. அது 4820 இல் எழுதுபொருட்களோடு போகும். முத்திரையையும் வெற்று ஆல்பத்தையும் ஒரே பொதியில் எடுத்தால் விலையைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

ஈபேயின் ஓடர் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைபேசித் திரையைக் காட்டுவதைவிடத் தாள் நல்லது. விலைச்சீட்டு இல்லாவிட்டால் பெறுமதியை அவர்கள் மதிப்பிடுவார்கள், அந்த மதிப்பீடு உங்களுக்குச் சாதகமாக வருவது அரிது. 'அன்பளிப்பு' என்று எழுதச் சொல்லும் புத்தியை விட்டுவிடுங்கள். பொதி தொலைந்தால் நட்டஈடும் எழுதிய பெறுமதிக்கு மேல் வராது.

(வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வங்கி அட்டையில் முத்திரைத் தீர்வை வேறு உண்டு. முத்திரை வாங்கினாலும் முத்திரைத் தீர்வைதான். அதையும் கணக்கில் எழுதுங்கள்.)

படி 3: நீங்கள் விற்கும்போது

அமெரிக்கர் வாங்கினால் விற்பனை வரியை ஈபேயே அறவிட்டு ஈபேயே கட்டும். நீங்கள் எந்த மாநிலத்திலும் பதிய வேண்டியதில்லை. முகநூல் குழுவில் நேரடியாக விற்றாலும், சவுத் டகோட்டா வைத்த எல்லை ஒரு வருடத்தில் 100,000 டொலர். பொழுதுபோக்குக்காரர் அந்தப் பக்கம் போகமாட்டார்.

ஆனாலும் அந்த வரி உங்கள் பையைத் தொடும். ஈபேயின் இறுதிக் கட்டணம், வாங்குபவர் கட்டும் முழுத்தொகையின் மேல் கணிக்கப்படுகிறது. விற்பனை வரியும் அதற்குள் அடக்கம். முத்திரை 40 டொலர், தபால் 10 டொலர், வாங்குபவர் நியூயோர்க் நகரம். வரி 4.44, மொத்தம் 54.44. கட்டணம் 13 சதவீதம் என்று வைத்தால் 6.50 டொலருக்குப் பதில் 7.08 போகும். சிறிய தொகைதான், ஆனால் 5 டொலர் முத்திரைகளை நூற்றுக்கணக்கில் விற்பவருக்கு இலாபமே அந்தச் சதங்களில்தான். விலை வைக்கும்போது 9 சதவீத வரி இருக்கும் என்று நினைத்தே வையுங்கள்.

கணக்குக்கு ஒரு எக்செல் தாள் போதும்: திகதி, விலை, தபால், தளம் அறவிட்ட வரி, கட்டணம், பேயோனியருக்கு (விற்ற காசு வந்துசேரும் இணையக் கணக்கு) வந்த தொகை. காசு கொடுத்து வாங்கும் வரிச் செயலிகள் நமக்கு வேண்டாம். அவை இலங்கை விற்பனையாளரை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல.

படி 4: ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது ஐஓஎஸ்எஸ் இலக்கம்

2021 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் 150 யூரோ வரையான பொதிக்கு வற் வரியைத் தளமே முன்கூட்டி அறவிடுகிறது. பிரித்தானியாவில் எல்லை 135 பவுண், 2021 ஜனவரி 1 முதல். ஒன்றியத்துக்குப் போகும் பொதியில் ஐஓஎஸ்எஸ் இலக்கம் இருந்தால்தான் வரி கட்டியாயிற்று என்று அங்குள்ள சுங்கத்துக்குத் தெரியும். அந்த இலக்கம் ஐஎம் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கி 10 இலக்கங்களோடு முடியும். ஈபேயின் ஓடர் விபரத்தில் இருக்கும்.

இலக்கத்தைப் பொதியின் மேல் பேனையால் எழுதினால் மட்டும் போதாது. தபாற்கந்தோரில் கணினியில் பதியும் சுங்கத் தரவிலும் அது ஏறவேண்டும். ஏறாவிட்டால் பாரிஸில் இருப்பவரிடம் தபால்காரர் இரண்டாம் தரம் வரி கேட்பார். அவர் மறுத்தால் பொதி திரும்பி வரும், கோபம் உங்கள் விமர்சனப் பக்கத்தில் ஏறும். ஒரு துண்டில் இலக்கத்தைப் பெரிதாக எழுதிக்கொண்டு போய், பதிவிட்டுத் தந்த பற்றுச்சீட்டை அந்த இடத்திலேயே சரிபாருங்கள்.

சிஎன்22 என்ற பச்சைச் சுங்கச் சீட்டில் 'ஸ்ராம்ப்ஸ்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதாதீர்கள். ஆங்கிலத்தில் இறப்பர் முத்திரைக்கும் அதே சொல்தான். அதற்குக் குறியீடு 9611. சேகரிப்புக்கான பழைய தபால் முத்திரைகள் என்று முழுதாக எழுதி, பக்கத்தில் 9704 போடுங்கள். பிரித்தானியாவில் 135 பவுணுக்கு மேற்பட்ட முத்திரைத் தொகுப்பை இறக்குபவருக்கு 20 சதவீதத்துக்குப் பதில் நடைமுறையில் 5 சதவீதம்தான் விழும். அந்தச் சலுகை கிடைக்கக் குறியீடு சரியாக இருக்கவேண்டும்.

பிற்சேர்க்கை: அமெரிக்காவும் பழைய நாணயங்களும்

800 டொலர் வரையான பொதிகளுக்கு அமெரிக்கா கொடுத்துவந்த தீர்வை விலக்கு 2025 ஓகஸ்ட் 29 உடன் நின்றது. இது இறக்குமதித் தீர்வை. விற்பனை வரியோடு குழப்பாதீர்கள், ஈபே ஒன்றைக் கட்டிவிட்டால் மற்றதும் கட்டியதாகாது. நடைமுறை அடிக்கடி மாறுவதால், பட்டியலிடும் நாளில் தபாற்கந்தோரில் கேட்டுவிட்டே தபால் செலவைப் போடுங்கள்.

சேது நாணயம், டச்சுக்காரர் காலத்துத் துட்டு வைத்திருப்பவர்கள் வரியைப் பற்றி யோசிக்க முன்னமே நிற்கவேண்டும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2 க்கு முற்பட்ட இலங்கைத் தொல்பொருளைத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு அனுப்பமுடியாது. நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் பொறித்த காசுகள் யாழ்ப்பாண அரசர் காலத்தவை. அனுமதி கையில் வரும்வரை அவற்றை ஈபேயில் ஏற்றவே வேண்டாம். 1857 ஏப்ரல் 1 இல் வெளிவந்த 6 பென்ஸ் விக்டோரியா, இலங்கையின் முதல் முத்திரை, இந்தத் திகதிக்குப் பிந்தியது. அப்படியொன்று கையில் இருந்தால் 9704 என்று எழுதி, காப்புறுதியோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.