ஹட்டனில் இருந்துகொண்டு ஒரு வைட் ரிசீவரின் கணக்கைப் பார்ப்பது எப்படி

நம் பக்கத்தில் ரக்பி தெரியாதவர்கள் குறைவு. நித்தவலையில் கண்டி அணி ஆடினால் பஸ் ஏறிப் போகிற ஆட்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அதனாலேயே அமெரிக்கன் ஃபுட்போலை முதல் தடவை பார்க்கும்போது எல்லோரும் ஒரே இடத்தில்தான் முழிக்கிறோம்: பந்தை முன்னால் எறிகிறானே, நடுவர் ஏன் விசில் ஊதவில்லை? ஊதமாட்டார். ஒவ்வொரு முயற்சியிலும் ஒரு தடவை, ஆட்டம் தொடங்குகிற கோட்டுக்குப் பின்னால் நின்று முன்னோக்கி எறியலாம். எறிகிறவர் குவார்ட்டர்பேக். ஓரமாகத் தள்ளி நின்று, ஓடிப்போய் அதைப் பிடிக்கிறவர் வைட் ரிசீவர். நான்கு முயற்சிக்குள் பத்து யார்ட் முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு. ஆரம்பிக்க இவ்வளவு போதும், மிச்சம் பார்க்கப் பார்க்க வந்துவிடும்.

யாரைப் பின்தொடரலாம் என்று கேட்டால் நான் ரிசீவரைத்தான் சொல்வேன், அவர் செய்வதுதான் புதிதாகப் பார்க்கிறவர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரியும். ஆனால் இந்த ஆட்டத்தில் அவருடைய கணக்கு அளவுக்கு ஆளை ஏமாற்றுகிற கணக்கு வேறு இல்லை. பிடித்த பந்து, எடுத்த யார்ட், டச்டவுன் (ரக்பியின் ட்ரை மாதிரி) என்று மூன்று எண்ணைப் பார்த்துவிட்டு இவன் கெட்டிக்காரன், அவன் சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னால் பாதிக்குப் பாதி பிழையாகிவிடும்.

முதலில் நேரம். நாம் பார்ப்பது என்எஃப்எல் என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக், அதன் சீசன் செப்டம்பரில் தொடங்கும், ஓர் அணிக்கு 17 ஆட்டம். முதல் தொகுதி நமக்கு ஞாயிறு இரவு 10.30க்கு, நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பியதும் 11.30. அடுத்த தொகுதி நடுச்சாமம் தாண்டி வரும், அதை விட்டுவிடுங்கள். கடைசி ஆட்டம் திங்கள் காலை 5.50 வாக்கில், அதாவது பெரட்டுக்கு, தோட்டத்தில் வேலை பிரிக்கிற இடத்துக்கு, ஆட்கள் கிளம்புகிற நேரத்தை ஒட்டி. சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் போல் பெப்ரவரியில், திங்கள் விடியற்காலை 5 மணிக்கு. மழை பிடித்தால் சிக்னல் போகிற இடங்களில் நேரடியாகப் பார்க்க மல்லுக்கட்ட வேண்டாம், யூடியூபில் சுருக்கம் வரும். ஒன்று மட்டும்: சுருக்கத்தில் பிடித்த பந்துகள்தான் இருக்கும், பிடிக்காமல் போனதும் வராமலே போனதும் இருக்காது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு வீரரின் வருடவாரியான பட்டியலைத் திறந்தால் யார்ட் பக்கம் கண்ணை ஓட்டாமல் முதலில் டார்கெட் என்ற இடத்தைப் பாருங்கள். அவரை நோக்கி எத்தனை பந்து எறியப்பட்டது என்பது அது. அப்புறம் எத்தனை பிடித்தார், எத்தனை யார்ட். அதற்கும் அப்புறம், இதுதான் முக்கியம், அந்த வருடம் எறிந்தது யார் என்று அணியின் பக்கத்துக்குப் போய்த் தேடுங்கள்.

லாரி ஃபிட்ஸ்ஜெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 டிராஃப்ட்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்வில், மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டு, 2020 வரை 17 சீசனும் அரிசோனாவுக்கே ஆடியவர். மொத்தம் 1,432 பந்து, 17,492 யார்ட். 2008இல் கர்ட் வார்னர் எறிந்தபோது 96 பந்து, 1,431 யார்ட், 12 டச்டவுன். வார்னர் ஓய்வு பெற்றார். 2012இல் குவார்ட்டர்பேக் இடத்தில் மாற்றி மாற்றி ஆள் வந்தார்கள், அந்த வருடம் 71 பந்து, 798 யார்ட், 4 டச்டவுன். இந்த இரண்டு வருடத்திலும் அவரை நோக்கி எறியப்பட்ட பந்து கிட்டத்தட்ட ஒரே அளவு, இரண்டுமே 150க்கு மேல். கொழுந்து எடுக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அதே கை, அதே நேரம், ஆனால் கொழுந்து பொங்கி நிற்கிற மலையில் விட்டால் பேர், அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்கு, முழுதாக விழும், கவ்வாத்து வெட்டிக் கொஞ்ச நாளான மலையில் விட்டால் அரைப் பேருக்கே இழுபறி. தராசில் விழுகிற கிலோவை மட்டும் பார்த்து அந்த அக்காவின் கையைக் குறை சொல்ல முடியுமா?

அவர் கை போய்விடவில்லை என்பதற்கு 2015 சாட்சி. 2013இல் வந்த புதுப் பயிற்சியாளர் அவரை ஓரத்தில் இருந்து கொஞ்சம் உள்ளே இழுத்து நிறுத்தினார், கார்சன் பாமர் எறிந்தார், 32 வயதில் 109 பந்து, 1,215 யார்ட்.

இதையே மறுபக்கத்தில் இருந்தும் பார்க்கலாம். ஒரே சீசனில் அதிக யார்ட் எடுத்தவர் டெட்ராய்ட்டின் கால்வின் ஜோன்சன், 2012இல் 1,964. கூப்பர் கப் என்ற வீரர் 2021இல் எடுத்தது 1,947. பூகா நக்குவா 2023இல் தன் முதல் வருடத்திலேயே 1,486 எடுத்தார், புதுமுகங்களில் அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. கப் டிராஃப்ட்டில் மூன்றாம் சுற்று, நக்குவா ஐந்தாம் சுற்று. இந்த மூன்று பேருக்கும் பெரும்பாலும் எறிந்தது ஒரே ஆள், மேத்யூ ஸ்டாஃபோர்ட். ரிசீவர்கள் சாதாரண ஆட்கள் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் இதைத் தெரியாமல் அந்த எண்களைப் பற்றி வாதாடுவது வீண்.

காலத்தையும் கவனியுங்கள். 17 ஆட்டம் வந்தது 2021இல்தான், அதற்கு முன்னால் 16. கப்பின் 1,947ஐ ஜோன்சனின் 1,964ஓடு வைக்கும்போது ஓர் ஆட்டம் கூடுதல் என்பதை மறக்கக்கூடாது. ஜெர்ரி ரைஸ் 1987இல் 22 டச்டவுன் பிடித்தார், வேலைநிறுத்தம் நடந்த வருடம் அது, அவர் ஆடியதே 12 ஆட்டம். ரேண்டி மாஸ் 2007இல் 23 பிடித்து அதைத் தாண்ட 16 ஆட்டம் ஆனது. என்னைக் கேட்டால் நான் ரைஸ் பக்கம்தான். மொத்தக் கணக்கிலும் 1,549 பந்து, 22,895 யார்ட் என்று அவர் எட்டாத உயரத்தில் இருக்கிறார்.

எண் போதும், கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். டிவி கேமரா பந்தின் பின்னாலேயே போகும், ரிசீவர் பாதி நேரம் திரையிலேயே இருக்கமாட்டார். அதனால் ரீப்ளே வரும்போது பந்தை விட்டுவிட்டு அவருடைய இடுப்பையும் காலையும் பாருங்கள். நேராக வேகமாக ஓடுகிற மாதிரிக் காட்டி, காவலுக்கு வந்தவன் பின்வாங்கத் திரும்பிய அந்த நொடியில் குட்டி அடி இரண்டு மூன்று வைத்து நின்று உள்ளே வெட்டுவார். நல்ல ரிசீவர் வெட்டப் போகிறார் என்பது தோளில் தெரியாது, சுமாரான ஆள் முன்கூட்டியே நிமிர்ந்துவிடுவார். ஓரக்கோட்டுப் பக்கம் பிடித்தால் இரண்டு பாதமும் உள்ளே பட்டிருக்க வேண்டும். 2009 பெப்ரவரியில் நடந்த சூப்பர் போலின் கடைசி மூன்று நிமிடத்தைத் தேடிப் பாருங்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட் நட்டநடுவே 64 யார்ட் ஓடி அரிசோனாவை முன்னுக்குக் கொண்டுவருவார். அப்புறம் பிட்ஸ்பர்க்கின் சன்டோனியோ ஹோம்ஸ் மூலையில் மூன்று பேருக்கு நடுவே எட்டிப் பிடிப்பார், உடம்பு முழுக்கக் கோட்டுக்கு வெளியே சாய்ந்திருக்கும், இரண்டு பெருவிரல் மட்டும் புல்லில். 27க்கு 23, பிட்ஸ்பர்க் வென்றது. ஒரு ரிசீவரின் வேலை என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

டிராஃப்ட்டில் எடுத்த வீரரின் முதல் ஒப்பந்தம் நான்கு வருடம். அதனால் மூன்றாவது, நான்காவது வருடத்தில் பெரிய காசு கேட்கிற பேச்சும் அணி மாறுகிற பேச்சும் வரும். அணி மாறினால் எறிகிற ஆளும் மாறுவார், கணக்கை அங்கிருந்து புதிதாக ஆரம்பியுங்கள். எல்லோரும் ரைஸைப் போல 20 சீசன் ஆடுவதில்லை, ஜோன்சன் 30 வயதில் உடம்பு போதும் என்றதும் விட்டுவிட்டார்.

நாமும் ஆடலாமா என்று கேட்கிற தம்பிமாருக்கு: அமெரிக்கக் கல்லூரி வழியாகப் போவதுதான் பெரிய பாதை. ஜெர்மனியின் மோரிட்ஸ் போரிங்கர் அங்கே கல்லூரியில் ஆடாமலே 2016இல் ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்டார், ஆனால் சீசன் ஆட்டம் ஒன்றும் ஆடவில்லை. வேல்ஸ் ரக்பி வீரர் லூயிஸ் ரீஸ்-ஸாமிட்டும் 2024இல் போய்ப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் ரக்பிக்கே திரும்பினார். தட்டி விழுத்தாமல், இடுப்பில் கட்டிய துணியை உருவுகிற ஃப்ளாக் ஃபுட்போல் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வருகிறது. அணிக்கு ஐந்து பேர், ஹெல்மட் செலவில்லை, பள்ளிக்கூடக் கிரவுண்ட் போதும். அதில் தொடங்குங்கள். ரைஸ் கலிபோர்னியாவில் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் மலைப்பாதையில் ஓடித்தான் உடம்பைத் தயார் செய்தார், ஏற்றத்துக்கு நமக்கா பஞ்சம். ஓடுவதை ஏற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வெட்டித் திரும்புவதைச் சமதரையில், அதுவும் காய்ந்த நாளில் மட்டும். மழைக்குப் பிறகு தோட்டத்துக் கிரவுண்டில் அதைப் பழகினால் முழங்கால் போய்விடும்.