பெரிய நிறுவனம் கடன் பத்திரம் வெளியிடும்போது நாம் செய்யும் தவறுகள்

2013 ஏப்ரல் 30 அன்று ஆப்பிள் நிறுவனம் ஒரே நாளில் 1,700 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை, அதாவது குறித்த காலம்வரை வட்டி தந்து முடிவில் அசலைத் திருப்பித் தருவதாக உறுதியளிக்கும் பத்திரங்களை, விற்றது. அப்போது அதனிடம் ரொக்கமும் முதலீடுகளுமாகச் சுமார் 14,500 கோடி டாலர் இருந்தது. அவ்வளவு பணம் இருக்க, கடன் எதற்கு?

கடன் வாங்கினாலே பணமுடை என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஆப்பிளின் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு வெளியே இருந்தது. அன்றைய சட்டப்படி, அதை உள்ளே கொண்டுவந்தால் 35% வரை வரி விழும். ஆனால் பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் (லாபத்தில் ஒரு பங்கு) தரவும், பங்குகளைத் திரும்ப வாங்கவும் உள்நாட்டிலேயே பணம் வேண்டும். பத்தாண்டுக் கடனுக்கு அது தர ஒப்புக்கொண்ட வட்டி ஆண்டுக்கு 2.40% மட்டுமே. அந்த வட்டியையும் செலவாகக் காட்டி வரியைக் குறைக்கலாம். கணக்குப் போட்டால் கடன்தான் மலிவு. ஆகவே, செய்தியைப் பார்த்ததும் கேட்க வேண்டியது ‘எவ்வளவு கடன்’ என்பதை அல்ல, ‘எதற்குக் கடன்’ என்பதை.

அடுத்தது, பலருடைய கையைச் சுடும் தவறு: நிறுவனம் நல்லது, அதனால் பத்திரத்தில் நஷ்டமே வராது என்ற நம்பிக்கை. அதே நாளில் ஆப்பிள் 3.85% வட்டியில் முப்பதாண்டுப் பத்திரமும் விற்றது. சில வாரங்களிலேயே அமெரிக்காவில் வட்டி விகிதம் ஏறத் தொடங்கியது. பத்திரத்தின் சந்தை விலை இறங்கியது. ஆப்பிளின் வியாபாரத்தில் எந்தக் கோளாறும் இல்லை. புதுப் பத்திரம் கூடுதல் வட்டி தரும்போது, பழைய பத்திரத்தை முழு விலைக்கு யார் வாங்குவார்? சந்தை வட்டி 4.85% ஆனால், 100 டாலர் முப்பதாண்டுப் பத்திரத்தின் விலை ஏறக்குறைய 84 டாலராகிவிடும். இதே ஒரு சதவீத ஏற்றம் மூன்றாண்டுப் பத்திரத்தில் மூன்று டாலரைக்கூடத் தின்னாது. முதிர்வு வரை, அதாவது அசல் திரும்பும் நாள் வரை, வைத்திருப்பவருக்கு நிறுவனம் தவணை தவறாவிட்டால் அசல் முழுதாக வந்து சேரும். நடுவில் மகள் கல்யாணத்துக்கோ வீட்டுக்கோ விற்க நேர்பவருக்குத்தான் அடி. உங்கள் பணத் தேவை எந்த ஆண்டு வரும் என்று பார்த்து முதிர்வைத் தேர்ந்தெடுங்கள்.

கடனைத் திருப்பித் தரும் திறனுக்கு மதிப்பீட்டு நிறுவனங்கள் தரும் தரமதிப்பீட்டை நிரந்தர முத்திரையாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. இந்தியாவின் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். குழுமம் 2018இல் கடன் தவணைகளைத் தவறவிட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புவரை அதற்கு மிக உயர்ந்த மதிப்பீடு இருந்தது. சாலை, மின்சாரம் போன்ற, வருமானம் வரப் பல ஆண்டுகள் பிடிக்கும் திட்டங்களில் பணத்தைப் போட்டுவிட்டு, அதற்காகக் குறுகிய காலக் கடன்களையும் வாங்கியிருந்தது அந்தக் குழுமம். பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் கிடைக்கும்வரை எல்லாம் ஓடியது. கிடைக்காதபோது நின்றது. அக்டோபர் 1 அன்று மத்திய அரசு அதன் இயக்குநர் குழுவையே மாற்ற வேண்டிவந்தது.

பெரும்பாலான நிறுவனங்கள் முதிர்ந்த கடனைப் புதுக்கடன் கொண்டே அடைக்கின்றன, அதில் குற்றமில்லை. ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் எவ்வளவு கடன் முதிர்கிறது, கையில் எவ்வளவு ரொக்கம் இருக்கிறது, செயல்பாட்டு லாபம் (வட்டியும் வரியும் கழிக்கும் முன் தொழிலில் வரும் லாபம்) வட்டியைப் போல் எத்தனை மடங்கு வருகிறது என்ற மூன்றையும் ஆண்டறிக்கையில் தேடிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் வட்டி விகிதத்தை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.