நிதிக் கல்விப் பயிற்சி பழக்கத்தை மாற்ற வேண்டுமானால்: நடத்துவோருக்கான வழிகாட்டி

மகளிர் சுயஉதவிக் குழுவுக்கோ, ஆலைத் தொழிலாளர்களுக்கோ, முதல் சம்பளம் வாங்கப்போகும் மாணவர்களுக்கோ நிதிக் கல்விப் பயிற்சி நடத்த நினைப்பவர், அத்தகைய பயிற்சிகள் உண்மையில் பயன் தருகின்றனவா என்ற கேள்விக்கு முதலில் முகம் கொடுக்க வேண்டும். இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மக்களின் பண நடத்தையில் காணப்படும் வேறுபாடுகளில் வெறும் 0.1 விழுக்காட்டையே பயிற்சியால் விளக்க முடிகிறது என்றும், கற்றது காலப்போக்கில் கரைந்துவிடுகிறது என்றும் கண்டது. 33 நாடுகளில் நடந்த 76 சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு 2022-இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வோ, அறிவிலும் நடத்தையிலும் தெளிவான முன்னேற்றம் உண்டு என்றது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, பயிற்சி நடக்கிறதா என்பதைவிட எப்படி நடக்கிறது என்பதே பலனைத் தீர்மானிக்கிறது என்று நான் கருதுகிறேன்.

ஆகவே, பாடத்திட்டத்தை எழுதுவதற்கு முன் நாளைத் தேர்ந்தெடுங்கள். சேமிப்பு, காப்பீடு, ஓய்வூதியம், பங்குச்சந்தை என அனைத்தையும் ஒரே நாளில் சொல்லி அனுப்பும் முகாம்களில் கேட்டது, தேவைப்படும் வேளையில் நினைவுக்கு வருவதில்லை. குழுவுக்கு வங்கிக் கடன் வழங்கப்படுவதற்கு முந்தைய வாரம், ஜூனில் பள்ளி திறக்கும் முன் நகையை அடகு வைக்க வேண்டிவரும் மே மாதம், போனஸ் கைக்கு வரும் தீபாவளிக்கு முந்தைய நாள்கள் போன்ற, முடிவெடுக்கும் தருணத்தை ஒட்டிய நாள்களே பயிற்சிக்கு ஏற்றவை. அந்த முடிவுக்குத் தேவையானதை மட்டும் அன்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

அடுத்து, கோட்பாட்டைக் குறைத்து, கைக்கொள்ளக்கூடிய ஒரே விதியைக் கொடுங்கள். டொமினிக்கன் குடியரசில் சிறு வணிகர்களிடையே நடந்த ஒரு சோதனையில், முறையான கணக்குப்பதிவு கற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் தனித்தனியாக வைப்பது போன்ற எளிய விதிகளைக் கற்றவர்களே கணக்கைச் சீராக வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் கடனைப் பற்றிய விதியிலிருந்து தொடங்கலாம். ‘இரண்டு வட்டி’ என்று வாய்ப்பேச்சில் சொல்லப்படுவது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 விழுக்காடு; ‘ஐந்து வட்டி’ என்றால் 60. மாத வட்டியைப் பன்னிரண்டால் பெருக்காமல் எந்தக் கடனுக்கும் சம்மதிப்பதில்லை என்பதே அந்த விதி.

இதில் சற்று நேரம் செலவிடுவது நல்லது, ஏனெனில் பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான். 12,000 ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு நிலை வட்டியில், அதாவது அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கணக்கிடப்படும் வட்டியில் வாங்கி, பன்னிரண்டு மாதத் தவணைகளில் கட்டுபவர் 1,440 ரூபாய் வட்டி தருகிறார். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக அவர் கையில் இருப்பது 6,500 ரூபாய்தான்; உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. இக்கணக்கைக் கரும்பலகையில் நீங்கள் போட்டுக் காட்டாமல், அவரவர் கொண்டுவந்த தவணை அட்டையை வைத்து அவர்களையே போடச் செய்யுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்கு வழங்கும் புதிய கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் எந்த வரியில் இருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் விரல் வைத்துக் காட்டும்வரை அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம்.

மூன்றாவதாக, கற்றதைச் செய்துமுடிக்க வேண்டிய இடமாகவும் பயிற்சிக்கூடம் இருக்க வேண்டும். அகமதாபாத்தில் காணொளிப் பாடங்களை வைத்து நடந்த ஒரு சோதனையில், பாடத்தை மட்டும் பார்த்தவர்களின் பண நடத்தை பெரிதாக மாறவில்லை. பாடத்தோடு தமக்கென ஓர் இலக்கு வகுத்துக்கொண்டு, தனிப்பட்ட ஆலோசனையும் பெற்றவர்களிடம்தான் மாற்றம் தெரிந்தது. எனவே தொடர்வைப்புக் கணக்குக்கான படிவம், வாரிசு நியமனப் படிவம் ஆகியவற்றோடு வங்கி ஊழியர் ஒருவரை அழைத்து வந்து, அங்கேயே நிரப்பச் செய்யுங்கள். சில வாரங்கள் கழித்துக் குழுவின் ஊக்குநர் ஒவ்வொருவரையும் தனியே சந்தித்து, எண்ணியது நடந்ததா, எது தடுத்தது என்று கேட்டறிய வேண்டும். செலவும் உழைப்பும் கூடுதலாகப் பிடிக்கும் பகுதி இது. பயிற்சியின் உயிரும் இதில்தான் இருக்கிறது என்பதால், நிதி போதாவிட்டால் வகுப்புகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், இச்சந்திப்புகளைக் குறைக்காதீர்கள்.

பயிற்றுநராகக் காப்பீடோ பரஸ்பர நிதியோ விற்றுத் தரகு பெறுபவரை ஒருபோதும் அழைக்காதீர்கள். மாவட்ட முன்னோடி வங்கியின் நிதிசார் கல்வி மையத்தை அணுகினால், விற்பனை நோக்கமில்லாத ஆலோசகர் கிடைப்பார்.

வருமானமே செலவுக்குப் போதாத குடும்பத்திடம் சேமிக்கவில்லையே என்று குறைகாணும் உரிமை எந்தப் பயிற்றுநருக்கும் கிடையாது. அவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டு அட்டையோ முதியோர் உதவித்தொகையோ கிடைக்க வழிசெய்வதுதான் பாடத்தைவிட அவசரமானது. அதையும் பயிற்சியின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

இறுதியாக, பலனை அளக்கும்போது பயிற்சி முடிந்ததும் நடத்தும் கேள்வித்தாளை நம்பாதீர்கள். அன்று எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆறு மாதமும் ஓராண்டும் கழித்து, ஒப்புதல் பெற்று, சேமிப்புப் புத்தகத்தையும் நிலுவையில் உள்ள கடன்களின் வட்டி விகிதத்தையும் பாருங்கள். குழுக்கள் பலவாக இருந்தால், குலுக்கல் முறையில் பாதிக் குழுக்களுக்கு இப்போதும், மற்றவற்றுக்கு ஓராண்டு கழித்தும் பயிற்சி தருவதாக முன்பே அறிவித்துவிட்டால், விலைவாசியாலோ நல்ல விளைச்சலாலோ வந்த மாற்றத்தைப் பயிற்சியால் வந்த மாற்றத்திலிருந்து பிரித்தறியலாம். இரண்டாம் பாதிக் குழுக்களுக்கான பாடத்தை, முதல் பாதியில் பலிக்காதவற்றை நீக்கிவிட்டுத் திருத்தியும் எழுதலாம்.